வாலில் இருக்கிறது

ஒயிசுமியில் குப்பை போடவும் எழுத்துத் தெரிய வேண்டும்.
எரியும், எரியாது:
நடுவே வால்போல இரண்டே எழுத்து வித்தியாசம்.
முதல் மாதம் நான் வாலைப் பார்க்கவில்லை.
என் பை மட்டும் சிவப்புத் தாள் ஒட்டி
தெருமுனையில் நனைந்துகொண்டு நின்றது.

நெருப்புக்கான எழுத்துதான் செவ்வாய்க்கிழமைக்கும்.
அதைக் கற்றது வகுப்பில் அல்ல,
பெயின்ட் அறைக் கதவில்,
குறுக்குக்கோடு போட்ட தீக்குச்சிக்குக் கீழே.

எங்கள் போர்த்துகீசில்
'இல்லை' வாசலிலேயே நிற்கும்.
வந்த காலோடு திரும்பிவிடலாம்.
இங்கே வினைச்சொல்லின் நுனிவரை
நடந்து போனால்தான் தெரியும்
கதவா, சுவரா என்று.

போன வாரம் ஜாண்டிரா
பாதிப் பேச்சிலேயே நன்றி சொல்லி
இடுப்புவரை குனிந்துவிட்டாள்.
அவள் லாக்கரில் இப்போது வேறு பெயர்.

இன்று என் முறை.
நுகுய்-சான் பேனாவை மூடுகிறார்,
மறுபடி திறக்கிறார்.
ஜுசாரா-சான், உங்கள் ஒப்பந்தம்
ஏப்ரலுக்குப் பிறகும்
நீடிக்

பல்லிடுக்கில் மூச்சை இழுக்கிறார்.
வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும் சத்தம்.
கழுத்தை நேராக வைத்துக்கொண்டு
வாலைப் பார்த்திருக்கிறேன்.