எண்பது சொல்

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்.
இனி எங்களைப் பற்றி எழுத வேண்டுமாம்,
ஆளுக்கு எண்பது சொல்.
கல்வி, தொழில், ஆய்வு ஆர்வம்.
எண்பத்தொன்றாவதைப் பெட்டி வாங்காது.

இளஞ்சேயனுடையது தன்பாட்டில் எழுதிக்கொண்டு போனது:
பேராதனையில் இளமாணி, பேர்கனில் கலாநிதி,
பழுது தாங்கும் கணினித் தொகுதிகள்,
இரண்டு விருது.
எண்ணிப் பார்த்தான், ஒரு சொல் மிச்சம்.
அதில் கொக்குவில் என்று போட்டான்.

அடுத்தது நான்.
கணிதம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு.
பிறகு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு வருடம்,
வந்த அரிசி மூட்டையும் போன அரிசி மூட்டையும்
கணக்கில் சந்திக்கும்வரை
வீட்டுக்குப் போகாத வேலை.
வழங்கி அறையில் இரவு இரண்டு மணிக்கு
நான் செய்வதும் அதேதான் என்று எழுதி
அழித்து
‘நிதித்துறை அனுபவம்’ என்றேன்.
வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

“இரண்டாயிரத்து எட்டிலிருந்து பத்து வரை
ஒன்றும் இல்லையே?”
“இல்லை.”
அவன் பிறகு கேட்கவில்லை.
என்னுடைய எல்லா ஆண்டுகளையும் எடுத்துவிட்டான்,
தன்னுடையதிலும்.

மூன்றாவது பெயரில் வந்து நின்றோம்.
யூட் அமலதாஸ், குருநகர்.
சாதாரண தரம், ஆறு பாடம்.
ஐஸ் கொம்பனியில் பதினான்கு வருடம் கொம்பிறசர் பார்த்தவர்.
வளாகத்துக்கு வந்தது ஏசி திருத்த.

அது ஒரு கார்த்திகை வெள்ளி.
மழையோடு கரண்டும் போய்,
மின்பிறப்பாக்கி இருமி இருமிப் பிடித்தது.
திரையில் எல்லா விளக்கும் பச்சை.
அமலதாஸ் அண்ணை
கையில் ஈர வடிகட்டியோடு தலையைச் சரித்து நின்றார்.
“நாலாவது றாக்கில, கீழயிருந்து ரெண்டாவது.
அது இழுத்து இழுத்து மூச்செடுக்குது.”
நாங்கள் சிரிக்கவில்லை,
நம்பவும் இல்லை.
ஞாயிறு விடிய அந்த வன்தட்டு செத்தது,
மூன்றாம் வருடத்துப் பரீட்சைப் புள்ளிகளோடு.

அதன் பிறகுதான் அந்தச் சீ.ஆர். கொப்பி.
திகதி, நேரம், கேட்டது என்ன.
‘கரகர.’
‘விசில், ஆனால் மெல்லிசு.’
‘மீன் செதிள் சுரண்டுற மாதிரி.’
மூன்று வருடம்.
முப்பத்தொரு பழுதில் இருபத்திரண்டை
இயந்திரத்துக்கு முன்னமே எழுதிவைத்திருந்தார்.
தவறிச் சொன்னது நாலு,
அதில் ஒன்று விசிறிக்குள் பல்லி.
எங்கள் கட்டுரை என்பது அந்தக் கொப்பிதான்.
நாங்கள் வரைபடம் போட்டோம்.

படிவம் கேட்டது: பதவி?
மாணவர், விரிவுரையாளர், பேராசிரியர், தொழில்துறை.
நாலில் ஒன்றைத் தொடவேண்டும்.
தொழில்துறை என்று தொட்டோம்,
ஐஸும் தொழில்தானே.
நிறுவன மின்னஞ்சல்?
அது இல்லை. இருக்கவும் முடியாது.
கணக்கு விதி நான்கு: கல்விசார் ஊழியருக்கு மட்டும்.
எழுதியது நான்.
கீழே கையெழுத்தும் என்னுடையது.

இரவு எட்டரை.
இளஞ்சேயன் ஜன்னல் பக்கம் திரும்பி
மழையைப் பார்க்கிற மாதிரி நின்றான்.
நான் கணக்கைத் திறந்தேன்.
யார் எதை மாற்றினாலும் பதிவேட்டில் காரணம் எழுதவேண்டும்,
அதுவும் நான் வைத்த விதி.
அங்கே சொல்லுக்கு எல்லை இல்லை.
குருநகரிலிருந்து தொடங்கினேன்.
ஐஸ் கட்டி வெடிக்குமுன் எழுகிற சத்தம்,
டீசல் இல்லாத நாட்களில் உப்பும் உமியும் போட்டு
குளிரைப் பிடித்துவைத்த விதம்,
கேட்டுக் கேட்டுத் தேய்ந்த இடது காது,
அதனால்தான் தலையைச் சரிக்கிறார் என்பது.
பிறகு கூட்டுறவுச் சங்கத்தையும் எழுதினேன்.
எட்டிலிருந்து பத்து வரை
ஒரு வரி எழுதினேன்.
யாரும் வாசிக்காத இடம் அது,
ஆனால் அழிக்கவும் ஏலாது.

“அண்ணை, கடவுச்சொல் ஒண்டு போடுங்கோ.”
“எத்தனை எழுத்து?”
“பன்னிரண்டுக்குக் குறையாமல்.”
“கூடலாமோ?”
“கூடலாம்.”

கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு இருந்தார்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
ஒற்றை விரல்.
ஒவ்வொரு விசையாக, தேடித் தேடி.
எண்ணக்கூடாது என்று நினைத்தபடியே
எண்ணினேன்.
இருபதைத் தாண்டியும்
அவர் நிறுத்தவில்லை.