காட்சிக்கு வைத்தது

போன நவம்பரில் என் லேப்டாப்பில்
'ந' செத்தது.
மற்ற முப்பத்திரண்டு எழுத்தும் உயிரோடு இருந்தன.
அழுத்தினால் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்,
நகத்தால் நெம்ப வேண்டும்.
பிறகு நெம்பியும் வரவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை
ஜெர்மனிலிருந்து ஜார்ஜிய மொழிக்கு மாற்றுவது என் பிழைப்பு.
சொல்லுக்கு இவ்வளவு என்று காசு.
எங்கள் மொழியில்
மருந்துக்கு 'ந' வேண்டாம்.
வலிக்கு வேண்டாம். இருமலுக்கும் டாக்டருக்கும் வேண்டாம்.
மூச்சுக்கு வேண்டும்.
தண்ணீர் எழுதலாம், ஒயின் எழுத முடியாது
(திபிலீசியில் உட்கார்ந்துகொண்டு!)
'இப்போது' எழுதலாம். 'நாளை'யும் எழுதலாம்.
அதனால் வாங்குவதா பொறுப்பதா என்று
எழுத்தைக் கேட்டுப் பயனில்லை.

பழைய கோப்பிலிருந்து ஒரே ஒரு 'ந'வை நகலெடுத்து
ஒட்டி ஒட்டிக் காலம் ஓட்டினேன்.
ஒருநாள் ஒட்ட மறந்து
மஸெவினார் ஆகிய நான்
மஸெவியார் என்று ரசீது அனுப்பினேன்.
பணம் வந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

ஏழாம் மாடி வாகுஷ்தி சொன்னார்:
இப்போது வாங்காதே, மார்ச்சில் புதுச் சிப் வருகிறது.
மார்ச்சில் சொன்னார்:
வந்தது சரி, சூடாகிறதாம், செப்டம்பர் வரை பொறு.
எங்கள் லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
பத்து தெத்ரிக்கு ஏழு மாடி.
அதற்குள் அடுத்த இரண்டு வருஷத்தையும் சொல்லி முடிப்பார்.
அவர் கையில் இருப்பது
பித்தான் வைத்த போன்.

அலை ஓயட்டும் என்று கரையில் நிற்கிறவளை
யாரும் முட்டாள் என்பதில்லை.
விவரமானவள் என்கிறார்கள்.
அதுதான் சிக்கல்.

சனிக்கிழமைகளில் கடைக்குப் போனேன், விலை பார்க்க.
மூன்றாம் மேசையில் சாம்பல் நிறத்தில் ஒன்று,
கம்பியால் கட்டிப் போட்டிருந்தார்கள்.
முதல் வாரம் சும்மா 'ந'வைத் தொட்டேன்.
இறங்கியது. ஏறியது.
ஒரு வரி முழுக்க அதையே அடித்தேன்.
அடுத்த வாரம் ஒயின், வெளிச்சம், மூச்சு.
அதற்கடுத்த வாரம் 'நீ'.
அதற்கும் எங்களுக்கு அந்த எழுத்து வேண்டும்.
யாருக்கு என்று யோசிக்காமல் அடித்துவிட்டு
சேமித்து வைத்தேன். கோப்பின் பெயர்: விலை.
கடைப் பையன் ஷால்வா
பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் மேசையில் புதியது.
அதைக் கொண்டு ரொட்டி வெட்டலாம், அவ்வளவு மெலிசு.
பழையது எங்கே?
உள்ளே, பெட்டியில்லாமல், பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே.
"வேண்டாம் அம்மா," என்றான் ஷால்வா, நல்ல பிள்ளை.
"இரண்டு தலைமுறை பழசு.
பதினோரு மாதம் ஊரே தட்டியிருக்கிறது.
நவம்பர் கடைசியில் இந்தப் புதியதே தள்ளுபடிக்கு வரும்."

கொண்டுவா என்றேன்.
திறந்தால் விலை அப்படியே இருந்தது.
என் ஒயினுக்குக் கீழே
ஏதோ குழந்தை உள்ளங்கையால் அடித்த நாலு வரி.
'நீ'க்குக் கீழே
யாரோ, எந்தக் கிழமையோ,
யார், நானா?

பையன் பில் போடும்போது
உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துத் தரட்டுமா என்றான்.
அதற்கா நான் காசு கொடுக்கிறேன்?

லிஃப்டில் வாகுஷ்தி
துணிப்பையை எட்டிப் பார்த்தார்.
"இன்னும் ரெண்டே மாசம்..."
"காசு போடுங்கள்," என்றேன்.
ஒவ்வொரு பையாகத் துழாவினார்.
பெட்டி ஒருமுறை குலுங்கி
ஏற ஆரம்பித்தது.