மூன்றாவது முழங்கால்

அறுபத்திரண்டு வயதில்
ரேக்யானஸ் எரிமலைப் பாறைவெளியை
மார்ச் மாதத்தில் தனியாகக் கடக்கலாமா என்று
யாரும் என்னிடம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

பாசிக்கடியில் ஒரு பொந்து.
கணுக்கால் முறிந்த சத்தம்
உலர்ந்த மீனை ஒடிப்பது போலிருந்தது.
வலி பிறகுதான் வந்தது.
அதற்கும் பிறகு, நான்கு மணி நேரம் கழித்து,
மீட்புக் குழு.

ஐந்து பேர். யாருக்கும் சம்பளமில்லை.
ரொட்டிக்கடை டாக்னியின் கையில் இன்னும் மாவு.
கணக்கு வாத்தியார் ஒருவர்.
குழாய் வேலை செய்யும் சோல்வி
மகளின் பிறந்தநாள் மெழுகுவத்தியை
ஏற்றிவிட்டு வந்தானாம்,
அவள் ஊதும்வரை நிற்கவில்லை.

இறக்கத்தில் பனி வழுக்கியது.
என் தூக்குப்படுக்கையை அவன் விடவில்லை.
விட்டிருந்தால் அவன் முழங்கால் பிழைத்திருக்கும்.

இருபது வயதிலும் விழுந்திருக்கிறேன், இதே வெளியில்.
விலா எலும்பு இரண்டு.
யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.
அந்த எலும்புகள் என் சொந்தச் சொத்து.

கணுக்கால் ஜூனில் கூடிவிட்டது.
சோல்வி இன்னும்
அஞ்சலகப் படியில் கைப்பிடியைத் தேடுகிறான்.
"வயசாகுது, என்ன செய்ய" என்கிறான்
முப்பத்து நான்கு வயதில்,
என்னைச் சிரிக்கவைக்க.

இந்த மார்ச்சிலும் போனேன்.
நடப்பதை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.
வேலிக் கதவைத் தாண்டி இருநூறு அடி.
காற்று இல்லை. பாசி மினுங்கியது.
என் இரண்டு முழங்கால்களும்
போகலாம் என்றன.

மூன்றாவது வலித்தது.
திரும்பினேன்.