இதர செலவுகள்

சலவைக்கல்லா பித்தளையா என்று
இரண்டு மணி நேரமாகப் பேசுகிறார்கள்.
பர்மா சாலையில் மழை.
கூடத்தின் புது வாசலுக்கு மேல்
அருமைநாயகம் பெயர் வரவேண்டும்,
அதில் யாருக்கும் மறுப்பில்லை.
'ஸ்தாபகர்' போடலாமா, 'தலைவர்' போதுமா,
பிறந்தது தைப்பிங்கா செலாமாவா,
இழுபறி அதில்தான்.
நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
பொருளாளர் என்பதால் குறித்துக்கொள்கிறேன்.

என் கைப்பைக்குள்
அவருடைய போன் துடிக்கிறது.

பழைய நோக்கியா. ஏழாம் எண் தேய்ந்துவிட்டது.
அடக்கம் முடிந்த கையோடு அவர் மகன் தந்தான்:
"சபை பேர்ல இருக்கிற நம்பர் ஆன்ட்டி,
மூடிடுங்க."
மூடத்தான் போனேன்.
எனக்கு முன்னால் நாற்பது டோக்கன்.
காத்திருந்த நேரத்தில் மூன்று அழைப்பு.
மூடாமல் திரும்பினேன்.

பதினாறு வருடம் எங்களுக்குள் ஆகாது.
மாதக் கடைசியில் அவர் தரும் தாளில்
ஒரு வரி மட்டும் வீங்கிக்கொண்டே போகும்:
இதர செலவுகள், 340.
இதர செலவுகள், 615.
ரசீது எங்கே என்பேன்.
"செத்தவன் ரசீது எழுதமாட்டான்மா" என்பார்
சட்டைப்பையில் பேனா தேடுகிறவர்போல்.
ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து
எல்லார் முன்னாலும் கேட்டேன்.
அவர் மனைவி கிரேஸ்லின்
வளையலைத் திருகிக்கொண்டே இருந்தார்.
அடுத்த ஞாயிறு காணிக்கைப் பையில்
எண்ணூறு வெள்ளி, ஒரு துண்டுத்தாள்:
"கணக்கில் என் தவறு."
ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.
அதற்கடுத்த ஞாயிறு மோட்டார் சைக்கிள் இல்லாமல்
பஸ்ஸில் வந்திறங்கினார்.
நான் கவனிக்கவில்லை.
பொய். கவனித்தேன்.

முதல் அழைப்பு பாயான் லெப்பாஸ் விடுதியிலிருந்து.
அறந்தாங்கிப் பையன்.
கூடப் படுத்திருந்தவன் எழுந்திருக்கவில்லையாம்,
ஏஜென்ட் போனை எடுக்கவில்லையாம்.
"ஐயா இல்லீங்களா?"
"இல்லப்பா."
"எப்ப வருவாங்க?"

உயிர்த்தெழுதலை ஞாயிறுதோறும்
சத்தமாக அறிக்கையிடுகிறவள் நான்.
அந்தக் கேள்விக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி,
பதினோராம் மாடிக் கோமளவல்லி.
மகன் ஜாலான் பட்டாணி லாக்கப்பில்.
"சாமி மேடை ஓரத்துல ஒட்டி வெச்ச நம்பர்ங்க.
கற்பூரப் புகை பட்டு
கடைசி எழுத்து ஆறா எட்டா தெரியல,
ரெண்டையும் போட்டேன்.
ஐயா இல்லையா? அப்ப நீங்க யாரு?"

அப்ப நீங்க யாரு.

பிணவறைக்கு அதற்குமுன் போனதில்லை.
காவலாளி ஹாஷிம் போனைத்தான் முதலில் பார்த்தான்.
"நாயகம் ஆளா?" என்றான் மலாயில்.
எந்தக் கவுண்டர், யாரிடம் கையெழுத்து,
எந்த மேசையில் கெஞ்சக் கூடாது,
எல்லாம் சொன்னான்.
பெட்டிக்கடைச் சீனர் நானூற்றைம்பது என்றார்.
ரசீது கேட்டேன்.
சிரித்தார்.
"ரசீதுன்னா தொள்ளாயிரம்."

பதினாறு வருடக் கூட்டல்
அந்தக் கடைவாசலில் சரியாக வந்தது.
பெட்டிகளுக்கு நடுவே
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.
தண்ணீர் வேண்டுமா என்றார்.
வேண்டும் என்றேன்.

பித்தளைதான் என்று முடிவாகிறது.
கையெழுத்துக்குத் தாளை நீட்டுகிறார்கள்.
போட்டுவிட்டு
மறுபடி துடிக்கும் பையோடு
படிக்கட்டுக்கு வருகிறேன்.
"ஐயா இல்லையா?"
"இல்ல. நீங்க சொல்லுங்க."

மாதக் கணக்கைத் தணிக்கைக்கு அனுப்பினேன்.
புதுப்பெண் ஷாரன் எமிமாள், கறார்.
பதினாலாம் வரியைப் பென்சிலால் வட்டமிட்டு
ஓரத்தில் எழுதியிருக்கிறாள்:
இதர செலவுகள் 450. ரசீது எங்கே?

நல்ல பிள்ளை. கேட்கட்டும்.
அவள் நம்பரை
இந்தப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.