நண்பகல் எண்ணிக்கை

அளவுகோலில் நான்கு வண்ணங்கள்.
கீழ் வண்ணத்தைத் தொடாத பிள்ளைக்கு
மாத்திரை இல்லை, அழுகை மட்டும்.
பிலூங்கா நான்கையும் தாண்டி நின்றான்.
சனகா ஆற்றில் மூழ்கி மணல் அள்ளுகிறவன்.
கணுக்காலில் சிறுத்தைப் புள்ளி, சொறிந்து சொறிந்து.
"இந்த வருஷமாவது கொடு, குளோதில்."
முதலில் விரலைக் கொடு என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஈக்கள் இரண்டு.
ஒன்று ஆற்று நுரையில் பிறந்து
கண்ணை அவிக்கும் புழுவைத் தருவது.
மற்றது விறகுப் புகைக்கு வருவது.
அதன் புழு
சில நாள் விழியின் வெள்ளையில்
குறுக்கே நடந்து போகும்,
யார் வீடு என்று கேட்காமல்.
அதன் குஞ்சுகளுக்கு மணி தெரியும்.
இரவெல்லாம் நுரையீரலில் கிடந்து
உச்சி வெயிலில் ரத்தத்தில் இறங்கும்.
உச்சி வெயிலில்தான் குத்தினேன்.

கைப்பேசியின் கண்ணுக்கடியில் ஒரு சொட்டு
நெளிந்தது.
மில்லிக்கு முப்பத்தோராயிரம்.
இருபதாயிரம் தாண்டினால் கொடுக்கக்கூடாது.

மாத்திரை எதையும் அடிப்பதில்லை.
புழுவின் நரம்பில் ஒரு கதவு;
அதைத் திறந்து, மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும்.
உப்பின் ஒரு பாதி உள்ளே பாயும்.
நெளிய மறந்த குஞ்சை
உடம்பே அள்ளிக்கொண்டு போகும்.
முடிச்சுக்குள் சுருண்ட தாய் சாகாது,
சில மாதம் பிரசவம் நிற்கும், அவ்வளவே.
அதனால்தான் வருஷா வருஷம் நான்.
ஆனால் முப்பத்தோராயிரமும்
ஒரே நாளில் தளர்ந்தால்
மூளையின் மெல்லிய குழாய்கள் என்னாகும்?
மருந்து தோற்று அல்ல,
ஜெயித்து ஆளைச் சாய்த்துவிடும்.

வரிசை பொறுமையிழந்தது.
"காய்ச்சலுக்கு ரெண்டு?" மதாம் அகாம்பா.
இது அதற்கில்லை.
"இடுப்புக்கு?"
இல்லை.
"போன தடவை வயிற்றிலிருந்து நீளமாய் ஒன்று போச்சே!"
அது போகும். சொறி போகும், பேனும் போகும்.
"பக்கத்து வீட்டுக்காரி பொறாமை?"
சிரித்தார்கள். பிலூங்கா சிரிக்கவில்லை.

ஆற்றுப் புழுவுக்குள்
ஒரு கிருமி குடித்தனம் செய்கிறது.
அது போனால் தாய்ப்புழு மலடாகும், பிறகு மெல்லச் சாகும்.
கண்ணில் நடப்பதற்கு அந்தத் துணை இல்லை;
கிருமி மருந்து அதைச் சீண்டாது.
அதனால் அவனுக்கு வேறு மாத்திரை,
தினம் ஒன்று, முப்பத்தைந்து நாள்.

தினமும் மணல்திட்டுக்குப் போகிறேன்.
வாளியோடு மேலே வருவான், வாயைத் திறப்பான்.
நிறையத் தண்ணீர் குடி, உடனே படுக்காதே என்பேன்.
"இன்னும் அரிக்குதே."
அரிக்கும்.

பதினேழாம் நாள்
பேச்சின் நடுவில்
அவனுடைய இடது கண்ணில் அது வந்தது.
இமைக்காமல் நின்றான்.
அது கடந்து போகட்டும் என்று
இருவரும் காத்திருந்தோம்.