இருப்பு

பணம் என் பொறுப்பு.
அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.
வால்நட் ஜாம் தீர்ந்த தகர டப்பாவில்
இருபதாயிரம் லாரி.
ஓர் இரவுக்கு ஆயிரம் எடுத்துக் கொடுப்பேன்.
ஓர் ஆட்டத்துக்கு நூறைத் தாண்டக் கூடாது.
இருநூறு தடவை விடாமல் தோற்றால்தான்
டப்பாவின் அடி தெரியும் என்றான் நுக்ஸார்.
அப்படித் தோற்க
ஒரு மனிதனுக்கு ஆயுசு போதாதாம்.

சின்னச் சீட்டு போனால் ஒன்று கூட்டு.
பத்தோ ராஜாவோ ஏஸோ போனால் ஒன்று கழி.
கூட்டல் ஏறினால் பந்தயத்தை ஏற்று,
இறங்கினால் எழுந்து வா.
நூறு வைத்தால் சராசரியில் நம் பக்கம் சேர்வது
ஐம்பது தெத்ரி,
அரை ரொட்டிக் காசு.
"இதற்குச் சூதாட்டம் என்று பேரில்லை, எதேரி.
விதைச்சோளத்தைத் தின்னாதவன்
பட்டினி கிடப்பதில்லை."

துறைமுகத்தில் பதினேழு வருஷம்
கண்டெய்னர் எண்களை எழுதிய கை அவனுடையது.
எழுத்தில் ஓர் அடித்தல் இருக்காது.

நான் எதிர்ப்பக்கம்
நாணய இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.
சிவப்புப் பை மடியில் இருந்தால் ஆடு.
இயந்திரத்தின் தலைமேல் இருந்தால் எழுந்துவிடு.
பதினான்கு மாதம்.
டாக்ஸியும் தேநீரும் போக
மூவாயிரத்து நூற்றெண்பது லாபம்.
ஒருநாள் அதை மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்தேன்.
மணிக்கு மூன்று லாரி.
மருந்துக்கடையில் எனக்கு ஐந்து தருகிறார்கள்.
அவனிடம் சொல்லவில்லை.

அன்று நவம்பர்.
பத்தூமியில் வானம் கடலைத் திருப்பிக் கொட்டிய இரவு.
சார்ப்பி எல்லையைத் தாண்டி வரும் துருக்கிக்காரர்கள்
வரவில்லை.
மேசையில் அவன் மட்டும்.
சீட்டு பிரிக்கும் தமுனா
கொட்டாவியை உதட்டுக்குள் மடக்கினாள்.
என் கணக்கில் கழித்தல் நான்கு.
அவன் கணக்கிலும் அதுவாகத்தான் இருக்கும்.
கற்றுக்கொடுத்ததே அவன்தானே.

நூறு வைத்தான்.

பையை மேலே தூக்கி வைத்தேன்.
பார்த்தான்.
தெருவிளக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ராஜா, ஏஸ்.
பிறகு இருநூற்றைம்பது.
பிறகு ஐந்நூறு.
மூன்றிலும் ஜெயித்தான்.

தோற்றிருக்கலாம்.
தோற்றிருந்தால் வீட்டுக்கு வந்து
பென்சிலைச் சீவிக்கொண்டு
எங்கே பிசகினோம் என்று
தேடியிருப்பான்.

மழையிலேயே நடந்தோம்.
மூடப்போகிற கடையைத் திறக்கவைத்து
இரண்டு கச்சபுரி வாங்கினான்.
மஞ்சள் கருவை ரொட்டித் துண்டால் உடைத்தபோது
கை நடுங்கியது.
பதினான்கு மாதம் கணக்குப்படி ஜெயித்த கை
ஒருநாளும் நடுங்கியதில்லை.
"பார்த்தாயா?" என்றான்.
பார்த்தேன்.

இரவு நோட்டைத் திறந்தேன்.
தேதி இருந்தது. தொள்ளாயிரம் இருந்தது.
கழித்தல் நான்கு மட்டும் இல்லை.
டப்பாவைக் கொட்டி எண்ணினேன்.
இருபத்துநான்காயிரத்து எண்பது.
ஒரு தாள் குறையவில்லை.
குறைந்திருந்தால்
குறைந்தது எது என்று காட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம்
தூக்கத்தில் அவன் விரல்
என் முதுகில் தட்டுகிறது.
கூட்டலா கழித்தலா, தெரியவில்லை.
பகலில் கேட்கிறான்,
ஆயிரத்தை இரண்டாயிரமாக்கினால் என்ன என்று.
காரணங்கள் வைத்திருக்கிறான்.
எல்லாமே பின்னக் கணக்கில்,
அடித்தல் திருத்தல் இல்லாமல்.

நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தபோது
சிவப்புப் பையை எடுத்துவந்து
உப்புக்கும் ரொட்டிக்கும் நடுவில் வைத்தேன்.

"எங்கேயாவது கிளம்புகிறாயா?" என்றான்.
தட்டு வைக்க இடம் வேண்டுமென்று
அதைத் தள்ளி வைத்தான்.