வெள்ளை அட்டை

முப்பத்தோரு வருஷம்
அடுத்தவர் வீட்டுச் சுவரில்
சக்கரம் சுற்றுவதைப் பார்த்து எழுதினேன்.
சேரன்மாதேவியில் எந்த மீட்டர்
மாட்டுத்தொழுவுக்குள் இருக்கிறது,
எதன்மேல் சாமி படம் தொங்குகிறது,
எல்லாம் அத்துப்படி.
இப்போது விடியலில் விரல் நுனியைக் குத்தி
என் ரீடிங்கை நானே எடுக்கிறேன்.

நூற்று எழுபத்தெட்டு.

பழைய வெள்ளை அட்டை ஒன்று மிச்சமிருந்தது.
தேதி, அளவு, கணக்கீட்டாளர் கையொப்பம்.
மூன்று கட்டத்தையும் நிரப்புகிறேன்.
கையெழுத்துப் போடாவிட்டால்
அந்த நாள் கணக்கில் சேராது
என்றொரு பழக்கதோஷம்.

சர்க்கரை, பத்து வருஷப் பாக்கி.
நெஞ்சு, போன ஐப்பசியில் வந்த புது நோட்டீஸ்.
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில்
காகிதத்தில் கோடு ஓடியதைப் பார்த்தேன்.
ஒரே இடைவெளியில் நிற்க வேண்டிய போஸ்டுகள்
குடிகாரன் நட்டது மாதிரி நின்றன.
"மேலறை துடிக்கல, நடுங்குது" என்றார் டாக்டரம்மா.
"ரத்தம் தேங்குனா கட்டி விழும்.
அது மூளைக்குப் போச்சுன்னா..."
முடிக்கவில்லை.
எனக்குக் கன்னடியன் கால்வாய் நினைவுக்கு வந்தது.
மடை ஓரம், தண்ணீர் ஓடாமல் நிற்கும் இடம்,
அங்கே கட்டும் பாசி.

மாத்திரை இரண்டு கூடியது.
சவரத்தில் கீறினால்
காலர் நனையும்வரை நிற்பதில்லை.
எட்டுக் கிலோ குறைங்க என்றார்.
சனிக்கிழமை பாட்டிலை விடுங்க என்றார்.
என் குறட்டையைக்கூட
மரகதத்திடம் விசாரித்து எழுதிக்கொண்டார்.

கருப்பட்டிக்கு மட்டும் வாதாடினேன்.
அது பனை, சீனி இல்லை என்று.
மரகதம் பதில் பேசவில்லை.
கருப்பட்டிக் காபி ஒரு தம்ளர் தந்தாள்,
இரண்டு மணி நேரம் கழித்து ஊசியைத் தந்தாள்.
இருநூற்று நாற்பத்தொன்று.
பனைக்கும் யூனிட் ஓடுகிறது.

மச்சினன் மகள் மறுவீட்டில்
சொதிக்கு இலை போட்டார்கள்.
நான் எழுந்து வெளியே போய்
பந்தல்காரன் ஒயர் ஜாயின்டுகளைச் சரிபார்த்தேன்,
அரை மணி நேரம்.
எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

காலையில் கால்வாய்க் கரையில் நாற்பது நிமிஷம்.
மார்கழியில் ஒருநாள்,
பிசானப் பயிர் முழங்கால் உயரம்,
பாலத்துக்கு இந்தப் பக்கமே
நெஞ்சுக்குள் கெளுத்தி துள்ளியது.
உட்கார்ந்துவிட்டேன்.

எதிரே வந்தவள் பிரம்மசக்தி.
அவளுக்கும் சர்க்கரை, அவளுக்கும் நடை.
தொண்ணூற்றெட்டில்
அவள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கியவன் நான்.
நூற்று அறுபத்திரண்டு ரூபாய் பாக்கி.
"என்ன கரண்டுக்காரரே, இப்படி வேர்க்கு?"
மணிக்கட்டைப் பிடித்தாள்.
வேகமாய் இரண்டு, ஒரு நிறுத்தம்,
மறுபடி மூன்று, பிறகு எதுவோ.
எண்ணிப் பார்த்து விட்டுவிட்டாள்,
கையை விடவில்லை.

"அன்னைக்கு ஆறு படி அரிசி ஊறப்போட்டிருந்தேன்.
கிரைண்டர் ஓடல.
விடிய விடிய உரல்ல ஆட்டுனேன்,
இந்தக் கையாலதான்."

கோபமாகச் சொல்லவில்லை.
நேரம் போக்கச் சொல்வதுபோல் சொன்னாள்.
மறு கையால் போனில்
மகனிடம் ஆட்டோ கொண்டுவரச் சொன்னாள்.
ஒரு வார்த்தை என் தொண்டைவரை வந்தது.
அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

இப்போது ஏழு கிலோ குறைந்திருக்கிறேன்.
நெஞ்சு பல நாள் ஒழுங்காக ஓடுகிறது,
சில நாள் இல்லை.
நாடிக்கு அட்டையில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் குறிக்கிறேன்.
எண்ணி முடியாத நாளில்
ஆளில்லா வீட்டுக்கு எழுதுவதையே எழுதுகிறேன்:
கதவு பூட்டு.
பூட்டிய வீட்டுக்கு மறுபடி போக வேண்டும்,
அதுதான் விதி.

இன்று நூற்று முப்பத்தொன்று.
கையொப்பம் போட்டாகிவிட்டது.
ஜன்னல் வழியே பார்த்தால்
பிரம்மசக்தி எனக்குக் காத்திராமல்
கரையேறிப் போய்க்கொண்டிருக்கிறாள்.
ஒரு செருப்பு கிடைத்துவிட்டது,
இன்னொன்றைத் தேடுகிறேன்.